தனி ஆளுக்கு எதற்கு வீடு என்று கேட்ட மகனுக்கு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நலமா என்று கேட்டிருந்தாய். உன் கடிதத்தைப் பிரிக்கும் வரை நலமாகத்தான் இருந்தேன். படித்த பிறகு இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்வீட்டுக்காரி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

கல்யாணத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மாமனாராகப் போகிறவர் லாரி வாங்குகிறார், நீயும் பணம் போட்டால் பங்கு தருவார், அதற்காகச் சிதம்பரத்து வீட்டை ஐந்து வருஷத்துக்குப் போக்கியத்துக்கு விடலாம், நான் மெட்ராஸுக்கு வந்து உங்களோடு இருந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அதோடு விட்டிருந்தால் போகட்டும் என்றிருப்பேன். "தனி ஆளுக்கு எதற்கம்மா அவ்வளவு பெரிய வீடு" என்று வேறு கேட்டிருக்கிறாய். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் நீ இல்லை. மற்றவர்களுக்கு வாயால் பதில் சொன்னேன். நீ பெற்ற பிள்ளை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த வீடு ஒரு காலத்தில் போக்கியத்தில் இருந்தது என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனது, எப்படி வந்தது என்று தெரியாது. அறுபதுகளில் நீ பள்ளிக்கூட விடுதியில் இருந்தாய். விடுமுறைக்கு வந்தால் உனக்குச் சோறு போட்டு அனுப்புவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது, கதை சொல்ல எங்கே நேரம்? வட்டிக் கடன் என்றால் பணம் வாங்கியவன் மாதாமாதம் வட்டி கட்டுவான். போக்கியத்தில் வட்டியும் இல்லை, வாடகையும் இல்லை. பணம் கொடுத்தவர் வீட்டுக்குள் வந்து குடியிருப்பார், வீட்டுக்காரர் வெளியே போய் வாடகைக்கு இருப்பார். கெடு முடிந்து அசலைத் திருப்பிக் கொடுத்தால் வீடு கைக்கு வரும். வட்டியில்லாத கடன் என்று கேட்பவர்களுக்கு இனிக்கும். சொந்த வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும்.

வீடு என் அப்பா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது. பத்திரம் என் பெயரில். உன் அப்பாவுக்குக் கடலூர் முதுநகரில் மணிலாக்கொட்டைக் கமிஷன் கடை வைக்க ஆசை வந்தது. கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஆசை வந்துவிட்டால் காது கேட்காது. "பேருக்கு ஒரு கையெழுத்து போடு, மூணே வருஷத்துல மீட்டுடலாம்" என்றார். பத்திரத்தில் பத்து வருஷம் என்று எழுதியிருந்தது. படித்துப் பார்த்தேன், புரியவும் செய்தது, இருந்தும் போட்டேன். புருஷன் கேட்கும்போது யோசிக்கிறாளே என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். பணம் கொடுத்து வீட்டுக்குள் வந்தவர் உன் அப்பாவுக்கு மாமா முறை, நெல் வியாபாரம் செய்த வைத்திலிங்க மாமா. மூவாயிரம் ரூபாய் கொடுத்தார். ஒரே வருஷத்தில் வேர்க்கடலை விலை விழுந்தது, கடை மூழ்கியது, அடுத்த வருஷம் உன் அப்பா காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு மிஞ்சியது முதுநகரில் ஒரு வாடகை அறையும் நீயும்தான்.

ஆண் துணை இல்லாதவளுக்கு வாடகை வீடு கிடைப்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. அறையைப் பார்ப்பதற்கு முன்பே "ஆம்பள யாரு?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் வாடகை ஏறும், அல்லது அறை நேற்றே போய்விட்டது என்பார்கள். ஒரு வீட்டுக்காரர் ஏழு மணிக்கு வாசல் கதவைப் பூட்டிவிடுவார், நான் வெளியே நின்று தட்டினால் தெருவே எட்டிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். இன்னொருவர் பெண்டாட்டி ஊருக்குப் போன நாளில் வாடகை கேட்க வந்தார். மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன்னை விடுதியில் சேர்த்தது படிப்புக்காக என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை. ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு வீடு வீடாக மாற எனக்குத் தெம்பில்லை.

கருவாட்டு வியாபாரத்துக்கு என்னை இழுத்துவிட்டவள் அஞ்சலை. சோனாங்குப்பத்துக்காரி, அடுத்த அறையில் குடியிருந்தாள், அவளுக்கும் புருஷன் இல்லை, கடலோடு போய்விட்டான். ஒருநாள் என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். "குந்திக்கினு இருந்தா எவன் சோறு போடுவான்? சிதம்பரத்துல ஒனக்கு நாலு பேரைத் தெரியும். நான் சரக்கு கட்டித் தர்றேன், நீ எடுத்துக்கினு போயி கடைங்கள்ல போடு" என்றாள். நம் வீட்டில் முட்டை ஓடுகூட வாசல் தாண்டி வந்ததில்லை. முதல் நாள் நெத்திலி மூட்டையைத் தொட்டுவிட்டு வாந்தி எடுத்தேன். அஞ்சலை சிரித்தாள், தண்ணீர் கொடுத்தாள், மறுபடியும் தொடச் சொன்னாள். ஒரு மாதத்தில் வாளைக்கும் காரலுக்கும் நாற்றத்திலேயே வித்தியாசம் சொன்னேன். இன்றுவரை ஒரு துண்டு தின்றதில்லை. விற்பது வேறு, தின்பது வேறு.

காலைப் பாசஞ்சரில் ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று சிதம்பரம் போவேன். ஒன்று சொல்கிறேன், கருவாட்டு மூட்டையோடு ஏறினால் எவ்வளவு கூட்டமான பெட்டியிலும் உட்கார இடம் கிடைக்கும். நம் சொந்தக்காரர்கள் என்னை ரயிலடியில் பார்த்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவார்கள். நாய் விற்ற காசு குரைக்குமா, கருவாடு விற்ற காசு நாறுமா என்று அத்தனை பேரும் ஊருக்குச் சொன்னவர்கள்தான். சொந்தத்தில் ஒருத்தி விற்றதும் அத்தனை பேருக்கும் மூக்கு முளைத்துவிட்டது. அவர்களில் ஒருவரும் உன் விடுதிக்கு ஒரு மாதப் பணம் கட்டவில்லை. அரிசிக்கு வரிசையில் நின்ற அந்த வருஷங்களில் கருவாடும் கஞ்சியும்தான் பாதிச் சனத்துக்குச் சாப்பாடு. அவர்கள் பசி எனக்குச் சோறு போட்டது, அதை மறைத்துச் சொல்ல மாட்டேன்.

சீட்டுப் போட்டேன், ஒரு நேரம் சாப்பிடாமல் இருந்தேன், கழற்றி வைத்திருந்த தாலிப் பொன்னையும் விற்றேன். தாலிப் பொன்னை விற்கலாமா என்று கேட்டவர்களிடம், கழுத்தில்தான் போடக் கூடாது என்றீர்கள், பெட்டியில் வைத்துப் பூஜை செய்யவா என்று கேட்டேன். பத்திரம் எழுதி ஆறு வருஷம் முடிந்தபோது மூவாயிரம் சேர்ந்துவிட்டது. கெடுவுக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது.

அப்போது கருவாட்டு மண்டியில் கணக்கு எழுதுகிற ஒருவர், நல்ல மனுஷர், எனக்கு யோசனை சொன்னார். போக்கியத்துக்கு வட்டி இல்லை, அதனால் அவசரமும் இல்லை, இந்த மூவாயிரத்தை மூன்று வருஷம் வட்டிக்கு விடு, கெடு வரும்போது அசலைக் கட்டினாலும் கையில் ஒரு தொகை நிற்கும் என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. இன்றைக்கும் எவரும் அதைத்தான் சொல்வார்கள், நீயும் சொல்வாய். அவருடைய கணக்கில் ஏழு மணிக்குப் பூட்டுகிற கதவு இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் படுத்தால் இன்னொருவர் கடனைப் பார்த்துக்கொள்வார். தனி ஆளுக்கு ஒரு காய்ச்சல் போதும். நான் போய்விட்டால் கருவாடு விற்று வட்டிக்கு விட்ட பணத்தை உனக்கு யார் வசூல் செய்து கொடுப்பார்கள்? லாபம் என்பது நாளைக்கும் இருப்போம் என்று நம்புகிறவர்களுக்கு. எனக்கு வேண்டியிருந்தது நான் உள்ளே இருந்து தாழ் போட்டுக்கொள்ளும் ஒரு கதவு.

இன்னொரு காரணமும் இருந்தது. வைத்திலிங்க மாமா வீட்டுக்குச் சிவப்புத் தரை போட்டிருந்தார், கொல்லையில் கிணற்றடியைக் கட்டியிருந்தார். கெடு முடிந்து போனால் மராமத்துச் செலவு என்று அசலோடு அதையும் சேர்த்துக் கேட்பார் என்று தெருவில் பேச்சு அடிபட்டது. நான் காத்திருக்கிற ஒவ்வொரு வருஷமும் என் வீட்டுக்கு அவர் விலை ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் என்னால் கொடுக்க முடியாத இடத்துக்குத் தொகை போகும், கிரயம் எழுதிக் கொடு, மேலே ஆயிரம் தருகிறேன் என்பார். அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லியும் பார்த்தார். "தனி ஆளு நீ, பையனும் ஹாஸ்டல்ல. ஒனக்கு எதுக்கும்மா இவ்ளோ பெரிய வீடு?" என்றார். பார், உன் வார்த்தை எங்கிருந்து வந்தது என்று.

பணத்தைக் கொண்டுபோனேன். ஆடி மாசம், ஆடியில் வீடு காலி செய்யச் சொல்கிறாயா என்றார். ஆவணியில் போனேன். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டை மாற்றக் கூடாது என்றார். அப்புறம் புரட்டாசி, அப்புறம் அடைமழை, அப்புறம் மார்கழி. பஞ்சாங்கத்தில் அந்த மனுஷருக்கு எனக்கு எதிராக ஒரு பக்கம் எப்போதும் இருந்தது. மார்கழியில் நான் விடவில்லை, எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். அப்போதுதான் உள்ளதைச் சொன்னார். "பத்து வருஷம்னு எழுதியிருக்கு. அதுக்கு முன்னால நீ கொடுத்தா நான் வாங்கித்தான் ஆவணும்னு இல்ல. வேணும்னா கோர்ட்டுக்குப் போ." ஒரு வக்கீலைக் கேட்டேன். மாமா சொன்னது சட்டப்படி சரிதான், அவராகச் சம்மதித்து வாங்கினால்தான் உண்டு என்றார். வாங்கிவிட்டால் அப்புறம் மறுக்க முடியாது என்றும் சொன்னார்.

அன்று பாசஞ்சரில் திரும்பி வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபத்தில் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். அந்த வீட்டில் மாமா பஞ்சாங்கத்தைச் சாக்குக்குத்தான் வைத்திருந்தார். அவர் பெண்டாட்டி சிவகாமி அத்தை அதை உண்மையாகவே நம்பினாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில் வீடு தேடி வருகிற பணத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, அது லட்சுமியைத் திருப்பி அனுப்புவது. அதேபோல் விளக்கு வைத்த பிறகு வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. அத்தை அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக்கு உறை மோர்கூடக் கொடுக்க மாட்டாள். உள்ளே வந்தால் மறுக்க முடியாது, வந்துவிட்டால் திருப்பித் தர முடியாது. தை பிறக்கட்டும் என்று காத்திருந்தேன்.

தை முதல் வெள்ளி. ஒரு பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ, புதுத் துணியில் முடிந்த பணம். தாலி அறுத்தவள் கையில் பூவும் மஞ்சளும் வைத்த தட்டைப் பார்த்து ரயிலடியில் இரண்டு பேர் வழி விலகிப் போனார்கள். அஞ்சலை என்னோடு வந்தாள். "நீ ஒண்ணியா போவாத, நான் வாசல்ல நிக்கிறேன்" என்றாள். நாங்கள் போனபோது கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, தை வெள்ளி என்று தெருப் பெண்கள் நாலைந்து பேர் தாம்பூலத்துக்கு வந்திருந்தார்கள். நான் நிலைப்படிக்கு வெளியே நின்றேன். மாமா எழுந்து வந்தார்.

"வெளக்கு வச்ச நேரத்துல வந்து நிக்கிறியே. நாளைக்கு வா, பேசிக்கலாம்" என்றார்.

"நான் பேச வரல மாமா. பணம் கொடுக்க வந்திருக்கேன். தை வெள்ளிக்கிழமை, வெளக்கு எரியறப்ப வந்த பணம். வேணாம்னா அத்தை வாயால சொல்லட்டும், எடுத்துக்கினு போறேன்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. கருவாட்டுப் பணம், அதுவும் இவள் கையால், இந்த நேரத்தில் என்று பெண்களைப் பார்த்துச் சொன்னார். அதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. எதிரில் விதவை வந்தால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிற தெரு அது. அத்தை என்னைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் மூன்று வருஷம் நான் அந்தப் பூட்டுகிற கதவுகளுக்கு வெளியே நிற்க வேண்டும், அதற்குப் பிறகும் வீடு வரும் என்று நிச்சயமில்லை. அவள் எழுந்து வந்து முந்தானையை விரித்தாள்.

"காசு என்னா தாலி கட்டிக்கினா வருது? குடும்மா" என்றாள்.

பணம் பூஜை அலமாரிக்குள் போனது. மாமா குரலை உயர்த்தி அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு ஒரு பிடி உப்புகூட வெளியே தர மாட்டேன், மூவாயிரம் ரூபாயைத் தரச் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டாள். தெருப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பக்கம். அவர் மராமத்துச் செலவைப் பற்றி ஆரம்பித்தார். இத்தனை வருஷம் வாடகை இல்லாமல் இருந்தோமே, அந்தக் கணக்கை யார் போடுவது என்று அவள் கேட்டதும் அடங்கினார். பத்திரத்தின் பின்பக்கத்தில் அசல் முழுவதும் வரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி அஞ்சலை. மீன் கொண்டு வருகிறவர்கள் கொல்லைப் பக்கமாகக்கூட வராத அந்த வீட்டில், நடுக் கூடத்தில் உட்கார்ந்து கைநாட்டு வைத்தாள்.

மாசியில் அவர்கள் காலி செய்தார்கள். அத்தை அன்று செய்தது லட்சுமிக்குப் பயந்தா, எனக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாவியைக் கொடுத்தபோதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அடுப்படியில் ஒரு படி அரிசியும் உப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். பால் காய்ச்ச ஒரு சுமங்கலியைக் கூப்பிடு என்று சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். அடுப்பு என்னுடையது, பாலும் நான் வாங்கியது. நானே காய்ச்சினேன். யார் காய்ச்சினாலும் பொங்குகிற மாதிரிதான் பொங்கியது. அஞ்சலையும் நானும் குடித்தோம். அன்று பகலில் உள்தாழைப் போட்டுவிட்டு வெறும் தரையில் படுத்துத் தூங்கினேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு யாரும் தட்டிக் கேட்க முடியாத தூக்கம்.

இப்போது உன் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். உன் மாமனார் நல்லவராகவே இருக்கட்டும், லாரி நன்றாகவே ஓடட்டும். உன் அப்பாவும் நல்லவர்தான், மணிலாக்கொட்டையும் நல்ல சரக்குதான். வீடு எப்படியும் உனக்குத்தானே என்று நீ நினைக்கலாம். உனக்குத்தான், நான் போன பிறகு. போவதற்கு எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அதுவரை என்னை மெட்ராஸில் உன் வீட்டு மூலையில் ஒரு பாய் கொடுத்து உட்கார வைக்க வேண்டாம். உன் பெண்டாட்டி தங்கமானவளாக இருக்கலாம், இருந்தாலும் அடுத்தவர் வீட்டில் எப்போது விளக்கை அணைப்பது என்று கேட்டுக்கொண்டு இருந்தது எனக்குப் போதும். உனக்கு நான் செய்ய மறுக்கிறேன் என்று நினைக்காதே. சீட்டுப் பணம் எண்ணூறு இருக்கிறது, கல்யாணத்துக்கு எடுத்துக்கொள், திருப்பித் தர வேண்டாம். கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காருவேன். சம்பந்திகளிடம் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு, மாப்பிள்ளையின் அம்மா கருவாட்டு வியாபாரி என்று. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

ஒன்று மட்டும் புத்தி சொல்கிறேன், அம்மா என்கிற உரிமையில். வருகிற பெண் தன் பெயரில் ஏதாவது கொண்டுவந்தால், அது ஒரு குண்டுமணிப் பொன்னாக இருந்தாலும், அதைக் கேட்டு அவள் முன்னால் போய் நிற்காதே. நீ கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள். அதனால்தான் கேட்கக் கூடாது என்கிறேன்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். கோபத்தோடேயே வா. பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு வா, பிள்ளை பிறந்தால் தூக்கிக்கொண்டு வா, வேலை போனால் வா, லாரி கவிழ்ந்தால் வா, எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன். பத்திரத் தாளோடு மட்டும் வராதே.

உன் அம்மா,
சொந்த வீட்டிலிருந்து